நிற்கிற நேரத்தின் விலை: ஒரு செஸ்னா 172 விமானத்தின் பத்து ஆண்டுக் கணக்கு

மெக்கானிக் ஆயில் ஃபில்டரைக் கட்டரால் சுற்றி அறுத்துத் தகர உறையைக் கழற்றினார். உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தை வெட்டி எடுத்து, மேசைமேல் விசிறி போல விரித்தார். கறுத்த ஆயிலுக்கு நடுவே மினுமினுவென்று ஏதோ தெரிந்தது. ஒரு சின்னக் காந்தத்தை அதன்மேல் மெல்ல நகர்த்தினார். மினுமினுப்பு அப்படியே எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. அலுமினியமாக இருந்தால் ஒட்டாது. இது இரும்பு.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை பறக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்றேன். ஒரு தடவை பதினோரு வாரம் விமானம் நின்றதையும் சொன்னேன். நிற்கும் நாட்களில் இன்ஜினைத் தரையிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை நல்ல பழக்கம் என்றே அதுவரை நம்பியிருந்தேன். அவர் காந்தத்தைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அதுதான் இன்னும் கெடுதல்" என்றார்.

சொந்தமாக விமானம் வைத்துக்கொள்வது லாபமா, வாடகை லாபமா, நாலு பேர் சேர்ந்து வாங்குவது லாபமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். மூன்றையும் வாழ்ந்து பார்த்தவன் நான். மூன்று ஆண்டு வாடகை, நான்கு ஆண்டு தனிச் சொந்தம், அப்புறம் மூன்று ஆண்டாக நால்வர் கூட்டு. மூன்றிலும் என் பறத்தல் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஆண்டுக்குச் சுமார் 45 மணி. ஒப்பிட்டுப் பார்க்க இது வசதியாக அமைந்துவிட்டது.

கணக்கைப் பணமாக எழுதப் போவதில்லை. ஊருக்கு ஊர் விலை மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். அதனால் 'வாடகை மணி' என்ற அளவையே பயன்படுத்துகிறேன். அதே ரக விமானத்தை எரிபொருளோடு சேர்த்து ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்க ஆகும் தொகை ஒரு வாடகை மணி. உங்கள் விமான நிலையத்தில் அந்த மணி என்ன விலை என்று விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள், உங்கள் கணக்கு ஓரளவுக்குக் கிடைத்துவிடும். விகிதங்கள் என்னுடைய விமானத்துடையவை. ஹாங்கர், அதாவது விமானக் கொட்டகை, வாடகை அதிகமான இடத்தில் இருப்பவர்களுக்கு, பறக்காவிட்டாலும் ஆகும் நிலைச்செலவு இன்னும் கூடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விமானத்தில் இரண்டு கடிகாரம் உண்டு. ஹாப்ஸ் மீட்டர் இன்ஜின் ஓடும் நேரத்தை அப்படியே எண்ணும். ஓடுபாதைக்கு உருண்டு போகிற நேரமும் அதில் சேரும். டாக்கோமீட்டரில் உள்ள மணி எண்ணியோ சுழற்சி வேகத்தைப் பொறுத்து ஓடும், தரையில் மெதுவாக உருளும்போது அதுவும் மெதுவாக நகரும். வாடகையைப் பெரும்பாலும் ஹாப்ஸ் பார்த்து வாங்குவார்கள். இன்ஜினின் வயதை டாக்கோமீட்டரில் எழுதுவார்கள். ஒரே பயணத்துக்கு இரண்டும் பத்து, பதினைந்து சதவீதம் வேறுபடும். வாடகைக்காரர் ஹாப்ஸிலும் சொந்தக்காரர் டாக்கோமீட்டரிலும் கணக்குச் சொல்லிக்கொண்டு விடிய விடிய வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே பறந்த மணி என்று நான் சொல்வதெல்லாம் ஹாப்ஸ் மணி. இன்ஜின் வயது மட்டும் டாக்கோமீட்டர் மணி.

வாடகைக் காலம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. ஆண்டுக்கு 45 மணி பறந்தேன், 48 மணிக்குப் பணம் கட்டினேன். கூடுதல் மூன்று மணி இரண்டு வகையில் போனது. சில வாரம் பறக்காமல் இருந்துவிட்டுத் திரும்பினால், பயிற்சியாளரோடு ஒரு சுற்றுப் போய் வந்த பிறகுதான் சாவி தருவார்கள். விமானத்தை எங்காவது கொண்டுபோய் இரவு தங்கினால், ஒரு நாளுக்குக் குறைந்தது இத்தனை மணி என்று கட்டணம் போடுவார்கள். ஆக, பறந்த ஒரு மணிக்கு நான் கொடுத்தது 1.07 வாடகை மணி.

காசு குறைவு, கவலையும் குறைவு. ஆனால் சனிக்கிழமை காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்போது விமானம் கிடைக்காது. கிடைத்தாலும் இரண்டு மணி நேரத்தில் திருப்ப வேண்டும், அடுத்தவர் காத்திருப்பார். இருக்கையை யாரோ மாற்றி வைத்திருப்பார்கள், ரேடியோவின் ஒரு பொத்தான் வேலை செய்யாது, அதை யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். இந்த அலுப்புதான் என்னைச் சொந்த விமானத்தின் பக்கம் தள்ளியது. கணக்குப் போட்டு வாங்கினேன் என்று சொன்னால் பொய். ஆசைப்பட்டு வாங்கினேன், அப்புறம்தான் கணக்குப் போட்டேன்.

தனிச் சொந்தம்

வாங்கியது 1970-களில் செய்த செஸ்னா 172எம். 150 குதிரைத்திறன் கொண்ட, லைகாமிங் நிறுவனத்தின் ஓ-320 இன்ஜின், இறக்கைக் கோணம் மாறாத சாதாரண ப்ரொப்பெல்லர், மடங்காத சக்கரங்கள். இதைவிட எளிமையான நாலு இருக்கை விமானம் கிடைப்பது அரிது. 1956-இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உதிரிபாகம் கிடைக்கும், பழக்கமான மெக்கானிக் எங்கும் இருப்பார், திரும்ப விற்கவும் முடியும்.

இவ்வளவு பழைய விமானம் எதற்கு என்று கேட்கலாம். விபத்துக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் வழக்குகளின் சுமை தாங்காமல் செஸ்னா 1986-இல் சிறு பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. விமானம் 18 ஆண்டைக் கடந்தால் பெரும்பாலும் தயாரிப்பாளர்மேல் வழக்குப் போட முடியாது என்று 1994-இல் அமெரிக்காவில் சட்டம் வந்த பிறகு, 1996-இல்தான் 172 மீண்டும் உற்பத்திக்கு வந்தது. பத்து ஆண்டு இடைவெளி. புதியதன் விலையோ பழையதைப் போலப் பல மடங்கு. அதனால் சந்தையில் நம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் 1986-க்கு முந்தையவைதான். இதில் ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் உண்டு. காரைப் போல ஆண்டுக்காண்டு விலை விழுந்துகொண்டே போகாது என்பது நன்மை. சிக்கல் என்னவென்றால், வாங்கும் விலைதான் பழைய விமானத்துடையது, உதிரிபாகமும் மெக்கானிக் கூலியும் புது விமானத்துக்கு என்னவோ அதேதான். விமானத்தின் வயதைப் பார்த்து மெக்கானிக் தள்ளுபடி தர முடியாது.

வாங்கிய விலை 500 வாடகை மணி. அதற்குப் பிறகு, பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஆண்டுதோறும் போனது இது: ஹாங்கருக்கு 22, காப்பீட்டுக்கு 10, வருடாந்திரச் சோதனைக்கும் அதில் கண்டுபிடிக்கிற கோளாறுகளுக்கும் சேர்த்து 20, பதிவு, வரைபடம், வழிகாட்டிக் கருவியின் தரவு என்று சில்லறையாக 4. மொத்தம் 56 வாடகை மணி. என்ஜின் ஒரு தடவைகூடத் திரும்பாமல் 56. கட்டிப்போட்ட யானைக்கும் தீனி போட்டுத்தானே ஆக வேண்டும்.

பறந்தால் ஆகும் செலவு தனி. மணிக்குச் சுமார் 30 லிட்டர் எரிபொருள், அது 0.30. ஆயில், டயர், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ, திடீர்ப் பழுது எல்லாம் சேர்த்து 0.10. இன்ஜினை ஒருநாள் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஒதுக்குவது 0.10. ஆக மணிக்கு அரை வாடகை மணி. சொந்த விமானம் மலிவு என்று சிலர் சொல்வது இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத்தான்.

போட்ட முதலுக்கும் ஒரு விலை உண்டு. வேறு எங்காவது போட்டிருந்தால் ஆண்டுக்கு 5 சதவீதமாவது வந்திருக்கும் என்று வைத்தால், அது 25. எல்லாவற்றையும் கூட்டினால் 45 மணி பறக்க ஆண்டுக்கு 103.5 வாடகை மணி. ஒரு மணிக்கு 2.3. வாடகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, எத்தனை மணி பறந்தால் சமமாகும்? நிலைச்செலவும் முதலின் வட்டியும் சேர்ந்து 81. பறக்கும் ஒவ்வொரு மணியிலும் வாடகையைவிட 0.57 மிச்சம். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 140 மணியைத் தாண்டுகிறது. வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டு, வானிலை விடும் நாளில் மட்டும் பறக்கிற ஒருவர் ஆண்டுக்கு 140 மணி பறப்பது நடக்கிற காரியமா? என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் முடித்தவர் ஒருவரோ இருவரோதான்.

இந்த நஷ்டத்தை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். சுதந்திரத்துக்குக் கொடுக்கிற விலை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கணக்கில் வராத ஒன்று இன்ஜினுக்குள் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

காந்தத்தில் ஒட்டியது என்ன

இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் முகடுகள் கொண்ட தண்டான கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது கீழிருந்து தெறிக்கிற ஆயில்தான் அதை நனைக்கிறது. நிறுத்திவிட்டால் ஆயில் மெல்ல வடிந்து கீழே போய்விடும். வாரக்கணக்கில் நின்றால் கேமின் முகடுகளில் ஆயில் படலம் மெலிந்து, காற்றின் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது, முகட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் டாப்பெட் அந்தத் துருவின்மேல் உரசிப் பொடியை ஆயிலில் உதிர்க்கும். வழுவழுப்புப் போன இரும்பு அப்புறம் துரு இல்லாமலே தேயும்.

தரையில் பத்து நிமிடம் ஓடவிடுவது ஏன் கெடுதல்? எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது, அதில் ஒரு பங்கு ஆயிலில் கலக்கிறது. ஆயில் 75 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, அந்தச் சூட்டிலேயே அரை மணி, ஒரு மணி பறந்தால் அந்த நீர் ஆவியாகிப் போய்விடும். தரையில் ஓடவிட்டால் நீர் சேரும், போகிற அளவுக்குச் சூடு வராது. நீரும் எரிபொருள் கழிவும் சேர்ந்து அமிலமாகி உள்ளேயே தங்கிவிடும். நான்கு ஆண்டாக அன்போடு நான் செய்துவந்தது இதுதான்.

டாப்பெட்டை மட்டும் மாற்றிவிடலாமே என்று கேட்டேன். இந்த இன்ஜினில் டாப்பெட்டின் அடி காளான் குடை மாதிரி விரிந்திருக்கும். வெளிப்பக்கமாக உருவ முடியாது, இன்ஜின் உறையையே இரண்டாகப் பிளக்க வேண்டும். உறையைப் பிளந்தாகிவிட்டது என்றால் ஓவர்ஹால், அதாவது அந்த முழுப் புதுப்பிப்பு, செய்யாமல் திரும்ப மூடுவதில் அர்த்தம் இல்லை.

ஓவர்ஹால் 200 வாடகை மணி. நான் ஒதுக்கி வைத்திருந்தது 18.

இந்த இன்ஜினுக்கு லைகாமிங் சொல்லும் ஓவர்ஹால் கெடு 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. நான் வாங்கும்போது கடைசி ஓவர்ஹாலுக்குப் பிறகு 920 மணி ஓடியிருந்தது. 1,080 மணி பாக்கி இருக்கிறது என்று எண்ணி, அந்த மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தேன். அதன் மதிப்பு 108 வாடகை மணி. விமானத்தின் பதிவேடான லாக் புக்கை இன்னொரு முறை புரட்டியிருந்தால் அந்த 920 மணியும் 14 ஆண்டில் ஓடியது என்பது கண்ணில் பட்டிருக்கும். ஆண்டுக்கு 65 மணிதான். 12 ஆண்டுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. சொந்த உபயோகத்தில் உள்ள விமானத்துக்கு அந்தக் கெடுவைப் பல நாடுகள் கட்டாயமாக்குவதில்லை, ஆனால் துருவுக்குச் சட்டம் தெரியாது. மொத்த மணியைப் பார்த்தேன், அது எத்தனை ஆண்டில் சேர்ந்தது என்று பார்க்கவில்லை. பழைய விமானம் வாங்குகிற யாராக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான், குறிப்பாகக் கடைசி ஐந்து ஆண்டை. 2,500 மணி ஓடியும் வாரந்தோறும் பறந்துகொண்டிருக்கிற இன்ஜினை, 400 மணி ஓடி ஹாங்கரில் தூங்குகிற இன்ஜினைவிட நான் இப்போது அதிகம் நம்புவேன்.

நான் ஓட்டியதில் டாக்கோமீட்டர் கணக்குக்கு 155 மணி சேர்ந்து, 1,075-இல் இன்ஜின் முடிந்தது. ஓடாமலே வீணான 925 மணியின் மதிப்பு சுமார் 92 வாடகை மணி. நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 23. ஹாங்கர் வாடகையை வெளியே ஒருமுறையும் இன்ஜினுக்குள் இன்னொரு முறையும் கட்டியிருக்கிறேன். அதையும் சேர்த்தால் தனிச் சொந்தத்தில் நான் பறந்த ஒரு மணியின் உண்மை விலை 2.8 வாடகை மணி. நான்கு ஆண்டில் மொத்தம் 506. வாடகைக்கே எடுத்திருந்தால் 192.

நால்வர் கூட்டு

இன்ஜினைப் புதுப்பித்த பிறகு விற்றுவிடலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை. விமானம் இன்னும் அதிகம் பறக்க வேண்டும், நானோ அதிகம் பறக்க முடியாது. அப்படியென்றால் வேறு யாராவது பறக்கத்தான் வேண்டும். விமானத்தைப் பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்து வாடகைக்கு விடலாம் என்றார்கள். அதில் விமானம் நிறையப் பறக்கும், உண்மைதான். ஆனால் மாணவர்களின் தரையிறக்கத்தை நாளெல்லாம் தாங்கும், பல நாடுகளில் 100 மணிக்கொரு சோதனை சேரும், காப்பீடு எகிறும், சனிக்கிழமை காலை எனக்கே கிடைக்காது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

புது இன்ஜினோடு விமானத்தின் மதிப்பு 600 என்று வைத்து, முக்கால் பங்கை மூவருக்கு ஆளுக்கு 150-க்கு விற்றேன். காப்பீட்டில் நான்கு பெயர் வந்ததும் 10 என்பது 14 ஆனது. நால்வரில் அனுபவம் குறைந்தவரைப் பார்த்துத்தான் காப்பீட்டுக்காரர் விலை சொல்வார். ஆக நிலைச்செலவு 60, ஆளுக்கு 15. முதலின் வட்டி ஆளுக்கு 7.5. பறக்கும் மணிக்கு அதே அரை. 45 மணி பறக்கும் எனக்கு ஆண்டுக்கு 45 வாடகை மணி, அதாவது மணிக்குச் சரியாக ஒன்று. வாடகையில் 1.07 ஆனதோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு மூன்று மணி மிச்சம். சமமாகும் இடம் 40 மணி.

மூன்று மணி மிச்சம் ஒரு பெரிய தொகையே இல்லை. கூட்டில் சேர்ந்தால் பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாடகை விலைக்கே சொந்த விமானத்தின் சுதந்திரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது போதும். இரண்டு நாள் விமானத்தை வெளியூரில் நிறுத்திவைத்தாலும் யாரும் குறைந்தபட்சக் கட்டணம் கேட்பதில்லை.

பயந்த மாதிரி விமானம் கிடைக்காமல் போகவும் இல்லை. மூன்று ஆண்டில் நான் கேட்ட நாளை வேறொருவர் முன்பே எடுத்திருந்தது ஒன்பது முறை. நால்வரில் ஒருவர் வார நாட்களில் மட்டும் பறப்பவர், இன்னொருவர் விடியற்காலைக்காரர். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பறந்த மணியைவிட இந்தப் பழக்கவழக்கத்தைத்தான் நான் அதிகம் விசாரித்தேன். கடன் எப்படி அடைக்கிறார், இரவல் வாங்கிய காரை எந்த நிலையில் திருப்பித் தருகிறார் என்பதையும் விசாரித்தேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர் தரையிறக்கிய விமானத்தில்தான் மறுநாள் என் பிள்ளைகளை ஏற்றப் போகிறேன்.

ஒப்பந்தத்தைக் கைகுலுக்கி முடிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நிலைச்செலவு மாதந்தோறும் வரும், பறக்காத மாதத்திலும். மணிக்கான தொகை தனிக் கணக்கில் சேரும், இன்ஜின் ஒதுக்கீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. சேதம் ஏற்பட்டால் காப்பீடு தராத முதல் தொகையை அப்போது ஓட்டியவர் கட்ட வேண்டும். விலகுபவர் தன் பங்கை வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலில் மற்றவர்களைக் கேட்க வேண்டும், விலையை எப்படிப் போடுவது என்பதும் அதில் இருக்கிறது. பாதுகாப்புக்கான பழுதுக்கு யாரும் ஒப்புதல் கேட்கத் தேவையில்லை. வசதிக்கான செலவுக்கு நால்வரும் சம்மதிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி இரண்டாம் ஆண்டிலேயே உதவியது. ஒருவர் புது வழிகாட்டித் திரை வேண்டும் என்றார், 60 வாடகை மணி. இருவர் சரி என்றோம், ஒருவர் முடியாது என்றார். இரண்டு வாரம் கொஞ்சம் புழுக்கமாகத்தான் இருந்தது. விதி எழுத்தில் இருந்ததால் அது ஆள்மேல் கோபமாக மாறவில்லை. பழைய திரையோடுதான் இன்னும் பறக்கிறோம்.

நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் விமானத்தின் பக்கவாட்டுப் பையில் இருக்கும் நாற்பது பக்க நோட்டு. இறங்கியதும் எழுத வேண்டும், குறை இல்லையென்றால் 'குறை இல்லை' என்று எழுத வேண்டும். "தரையிறங்கியதும் மூக்குச் சக்கரம் நடுங்குகிறது, வேகம் குறைந்ததும் நின்றுவிடுகிறது." "இடது பிரேக் மிதி முன்பைவிட ஆழமாகப் போகிறது." தனியாக வைத்திருந்த காலத்தில் இப்படிப்பட்டதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து எனக்குப் பழகியே போயிருக்கும். இன்னொருவர் கைக்கு அது புதிதாகத் தெரிகிறது, எழுதிவிடுகிறார். பிரேக்கில் திரவம் கசிந்துகொண்டிருந்தது அப்படித்தான் தெரியவந்தது.

விமானம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 170 மணி பறக்கிறது. பத்து நாள் தொடர்ந்து நின்றதாக நினைவில்லை. 50 மணிக்கொருமுறை ஆயில் மாற்றும்போது ஃபில்டரை அறுத்து விரிப்பதை நானே நின்று பார்க்கிறேன். அதே மெக்கானிக், அதே காந்தம். புது இன்ஜினின் முதல் ஃபில்டரில் கொஞ்சம் பொடி இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு காந்தம் சுத்தமாகவே வருகிறது.

இந்த ஆண்டு நால்வரில் ஒருவர் விலகுகிறார். வேலை மாறி, அவருடைய பறத்தல் ஆண்டுக்கு 25 மணியாகக் குறைந்துவிட்டது. கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கூட்டில் அவருக்கு 35 வாடகை மணி ஆகிறது, வெளியே எடுத்தால் 27-க்குள் முடிந்துவிடும். வாடகைக்கே போங்கள் என்று நான்தான் சொன்னேன். பங்கை வாங்க ஒருவர் வந்து பார்த்தார். உட்புறத்தையும் பெயின்டையும் அவர் பெரிதாகக் கவனிக்கவில்லை. லாக் புக்கை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினார். தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டு, இரண்டு பறத்தலுக்கு நடுவே எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே போனார்.

மறுநாளே அவருக்கு ஒப்பந்தத்தின் நகலை அனுப்பிவைத்தேன்.